பழைய இசைத்தட்டா, புதிய ரீமாஸ்டரா? முத்தியால்பேட்டை நண்பரின் கேள்விக்குப் பதில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள பூர்வீக வீட்டை இடித்துக் கட்டப்போவதாகவும், அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் இரண்டு மரப்பெட்டி நிறைய இருப்பதாகவும், அவற்றிலுள்ள பாடல்கள் அநேகமாக எல்லாமே இன்று ரீமாஸ்டர் செய்யப்பட்டும் (அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீரமைத்து மறுபடி வெளியிட்டும்) தொகுப்புகளாகவும் கிடைக்கும்போது பழையவற்றை இன்னும் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இசை ரசிகர்களிடம் விசாரித்ததில் ஒரு சாரார் தட்டில் இருக்கும் உயிர் புதியதில் இல்லை என்று அடித்துச் சொல்வதாகவும், மறு சாரார் கரகரப்பு நீங்கிச் சுத்தமாக வந்துவிட்ட பிறகு பழையதைக் கட்டிக்கொண்டு இருப்பானேன் என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது இடப்பற்றாக்குறையால் எழுந்த கேள்வி போலத் தோன்றினாலும், உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புதிய வெளியீடு பழைய பிரதிக்கு முழுமையான மாற்று ஆகுமா என்பது ஒன்று; யார் பேச்சையும் நம்பியிராமல் அதை நீங்களே கண்டறிய வழியுண்டா என்பது மற்றொன்று.

கேசட் காலத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில், கேட்கும் பாடல்களைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவன் நான். அந்தத் தொழில் ஓய்ந்த பிறகு, கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள வீடுகளிலிருந்து வரும் தட்டுகளையும் நாடாக்களையும் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மறுவெளியீடு நன்றாக இருக்குமா என்பதை உறையில் அச்சிட்ட ரீமாஸ்டர் என்ற முத்திரை தீர்மானிப்பதில்லை. எந்த மூலத்திலிருந்து அதை எடுத்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது. ரசிகர்களின் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை முடிவுக்கு வராமல் நீள்வதற்குக் காரணமும் இதுதான். ஒருவர், கூடத்தில் முதலில் பதிவான மூல நாடாவிலிருந்து கவனமாக எடுக்கப்பட்ட ஒரு சி.டி.யை மனத்தில் வைத்துப் பேசுவார். இன்னொருவர் தேய்ந்த தட்டிலிருந்து எடுத்து மெருகூட்டிய ஒரு கோப்பை மனத்தில் வைத்துப் பேசுவார். இருவர் சொல்வதும் அவரவர் கேட்ட பிரதியைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கும்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் மூல நாடா பொதுவாக வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. நம் வீட்டுக் கேசட் ஓடுவது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர், அதாவது எட்டில் ஒரு பங்கு வேகம். கேசட்டின் நாடா அகலத்திலும் குறுகியது. வேகமும் அகலமும் குறையக் குறைய நாடாவின் இரைச்சல் பாட்டுக்கு நெருக்கமாக வந்துவிடும். ஜால்ரா, சலங்கை, வயலின் வில்லின் உரசல் போன்ற மேல்வரிசை ஒலிகள் முதலில் மங்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதைப் போல, மூலத்திலிருந்து விலகும் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கழிந்துவிடுகிறது. ஆகவே மூல நாடா நல்ல நிலையில் கிடைத்து, அதை நல்ல இயந்திரத்தில் ஓட்டி, தேர்ந்த காது உள்ள ஒருவர் புதிய பிரதியை உருவாக்கியிருந்தால், அது உங்கள் அப்பாவின் தட்டைவிட நிச்சயமாகச் சிறந்ததாக இருக்கும். தட்டில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் தமிழ்த் திரையிசையில் பல பாடல்களுக்கு அந்த மூலம் இன்று இல்லை. நிறுவனங்கள் கைமாறின, கிடங்குகள் மாறின, நாடாக்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டன. அப்படிப்பட்ட பாடல்களை மறுபடி வெளியிட விரும்புகிறவர் பழைய இசைத்தட்டையோ, விற்பனைக்கு வந்த கேசட்டையோ, படத்தின் ஒலித்தடத்தையோதான் நாட வேண்டியிருக்கிறது. இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு ஒன்றின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960-இல் வெளியான பதிவு ஒன்றின் உரிமை 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பதிவை எவர் வேண்டுமானாலும் வெளியிடலாம், ஆனால் பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. அது படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை தொடரும். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார் என்பதால் அவர் வரிகளுக்கான உரிமை 2041 இறுதிவரை இருக்கும். இதனால் ஏற்படும் நிலைமை என்னவென்றால், மூல நாடாவை ஒருபோதும் கண்ணால் கண்டிராதவர்களும் பழைய பதிவுகளை வெளியிட முடிகிறது. அவர்கள் கையில் இருப்பது, உங்கள் பெட்டியில் இருப்பதைப் போன்ற ஒரு தட்டுதான். அவர்களுடைய தட்டு உங்களுடையதைவிட அதிகம் தேய்ந்ததாகக்கூட இருக்கலாம்.

எந்த மூலம் என்பதை உறையில் அச்சிடும் வழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. ஆனால் காதையும் கடிகாரத்தையும் கொண்டு ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நல்ல ஹெட்போன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, புதிய பிரதியில் பாடல் தொடங்கும் முதல் சில வினாடிகளையும், சரணத்துக்கு முன் வாத்தியங்கள் அடங்கும் இடத்தையும் கேளுங்கள். மெல்லிய 'டிக்' ஒலி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டால் அது தட்டில் விழுந்த கீறல். அந்த இடைவெளி 1.8 வினாடியாக இருந்தால் மூலம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி.; ஏறத்தாழ 1.3 வினாடியாக இருந்தால் 45 சுற்று ஓடும் இ.பி.; முக்கால் வினாடியாக இருந்தால் 78 சுற்றுத் தட்டு. கீறல் ஒலியை மென்பொருளால் முற்றிலும் அழித்துவிட்டார்கள் என்றாலும் இன்னொரு அடையாளம் மிஞ்சும். ஊசி தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க ஒலி நெரிபடும். பாடகியின் குரலில் 'ச', 'ஷ', 'ஸ' வரும் இடங்கள் சிதறிக் கேட்கும். தட்டின் ஒரு பக்கத்தில் கடைசியாக வரும் பாடலில் மட்டும் இந்தச் சிதறல் இருந்து, அதே படத்தின் முதல் பாடலில் இல்லாவிட்டால், அந்த 'ரீமாஸ்டர்' தட்டிலிருந்து வந்தது என்று நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

பாடலின் நேர அளவும் சாட்சி சொல்லும். திரைப்படம் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) வீதம் ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25 படச்சட்டங்கள் கொண்டது. படத்தை வீடியோவுக்கு மாற்றும்போது பல சமயம் அதை அப்படியே 25-இல் ஓட்டிவிடுவார்கள். அதனால் படம் நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். 4 நிமிடம் 20 வினாடி நீளமுள்ள பாடல் 4 நிமிடம் 10 வினாடியில் முடிந்துவிடும். பாடகர் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலேறி நிற்பார். இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளில் டி.எம்.எஸ். குரல் இளமையாகவும் மெலிந்தும் ஒலிப்பதாக உங்களுக்குத் தோன்றும் பாடல்கள் இருந்தால், அவை வீடியோவிலிருந்து எடுக்கப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். ஆர்மோனியமோ, கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியோ இருந்தால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பழைய பதிவுகளில் சுருதி சரியாகக் கட்டையில் உட்காராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்பது சகஜம். அது மட்டுமே பிழைக்குச் சான்றாகாது. இரண்டு பிரதிகளுக்கு இடையே சுருதி வேறுபட்டால் இரண்டில் ஒன்றாவது தவறான வேகத்தில் இருக்கிறது என்பதுதான் உறுதி. எது தவறு என்பதை அறிய மூன்றாவது பிரதி வேண்டும். உங்கள் அப்பாவின் தட்டு அந்த மூன்றாவது பிரதியாக இருக்கக்கூடும் என்பதே அதைத் தூக்கியெறியக் கூடாது என்பதற்கான முதல் காரணம்.

மூலம் நல்லதாகவே கிடைத்தாலும் கைவேலை அதைக் கெடுத்துவிட முடியும். 1970-களின் இறுதிவரை தமிழ்ப் படப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில், அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலியாக, பதிவானவை. ஸ்டீரியோவுக்கு முன்னோடியாகப் பரவலாகச் சொல்லப்படும் 'ப்ரியா' 1978-இல்தான் வந்தது. ஆகவே அதற்கும் பல ஆண்டுகளுக்கு முந்தைய பாடல் ஒன்று தொகுப்பில் அகன்று விரிந்து ஒலித்தால், இடக்காதுக்குக் கீழ்வரிசையும் வலக்காதுக்கு மேல்வரிசையுமாகப் பிரித்து, நடுவே கொஞ்சம் எதிரொலி தெளித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். தபேலாவும் குரலும் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் மிதப்பது இதன் அடையாளம். இதை விரும்புகிற ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களிலேயே 'எக்கோ வைத்துக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கிப்போனவர்கள் ஏராளம். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் எதிரொலி சேர்த்த பிரதியை மூலப் பதிவு என்று விற்பது தவறு.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் இதைவிடவும் அதிகச் சேதம் செய்கிறது என்பது என் கருத்து. இரைச்சலோடு சேர்ந்து வீணைத் தந்தியின் நீண்ட கார்வையும், வரிக்கு முன் பி.சுசீலா இழுக்கும் மெல்லிய மூச்சும், கோரஸ் முடிந்த பிறகு கூடத்தில் தங்கும் நாதமும் போய்விடுகின்றன. சோதிப்பது எளிது: பாடல் முடிந்து தேயும் கடைசி மூன்று வினாடிகளை ஒலியளவைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். நாதம் இயல்பாகக் கரைந்தால் நல்ல வேலை. கத்தரித்தது போல் சட்டென்று மௌனம் விழுந்தால், அல்லது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஒலி குழைந்தால், அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள். மற்றொன்று ஒலியளவு. மெல்லிய இடத்தை உயர்த்தி, உரத்த இடத்தை அமுக்கி, மொத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பேருந்திலும் கேட்கும். ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் இசையமைப்பாளர் வைத்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்க வேண்டும். சற்று உரத்து ஒலிப்பது எப்போதும் தெளிவாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். 'ரீமாஸ்டர் பிரமாதம்' என்ற பாராட்டுகளில் கணிசமானவை இந்த மயக்கத்திலிருந்து பிறந்தவை என்று நான் நினைக்கிறேன்.

பழையதையும் இதே கண்டிப்போடுதான் பார்க்க வேண்டும். முதல் வெளியீட்டுத் தட்டு என்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது. அக்காலத்து உள்நாட்டுத் தட்டுகள் பலவற்றில் பிளாஸ்டிக்கின் தரமே சுமார்; புதிதாக உறையிலிருந்து எடுத்தபோதே கரகரத்தவை உண்டு. திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கிக்காரர்களிடம் போய்வந்த தட்டுகள் கனமான ஊசியால் உழப்பட்டவை. அவற்றில் இழந்ததை எந்த இயந்திரமும் மீட்காது. கேசட்டுகளைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு: நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையில் பதிவானவற்றை அந்த வசதியில்லாத டேப் ரெக்கார்டரில் போட்டால் மேல்வரிசை தூக்கலாக, பளிச்சென்று கேட்கும். அப்படிக் கேட்டே வளர்ந்த ரசிகருக்கு, சரியான சமநிலையில் வந்திருக்கும் சி.டி. மந்தமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவர் நினைவில் இருப்பது பாடலோடு அந்த டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒலி. இப்போது புதிதாக வரும் வினைல் தட்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கணினிக் கோப்பிலிருந்து வெட்டப்பட்ட எல்.பி.யில் அந்தக் கோப்பில் இல்லாத எதுவும் புதிதாக வந்துவிடாது. அழகான பெரிய உறைக்காகவும், ஊசி வைத்துக் கேட்கும் நிதானத்துக்காகவும் வாங்கலாம். ஒலி மேம்பாட்டை எதிர்பார்த்து வாங்குவதாக இருந்தால், மூல நாடாவிலிருந்து வெட்டியது என்று வெளியிட்டவர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பெட்டியில் சி.டி.க்கள் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்ஸில் வாழும் உறவினர் ஒருவராவது இருப்பார். அவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பழைய சி.டி.க்கள் எங்காவது கிடந்தால் அவற்றைத் தேடி எடுத்துவையுங்கள். 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வெளியான தமிழ்ப் பட சி.டி.க்களில் நான் கேட்டவை பல, மூல நாடாவுக்கு நெருக்கமானவையாகவும் ஒலியளவை அமுக்காதவையாகவும் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் அவற்றைத் துரத்துவதற்கு நியாயம் உண்டு.

தொகுப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அங்கே பிரச்சினை ஒலியோடு நிற்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் பழைய பாடல்களை அறிந்ததே தொகுப்புகள் வழியாகத்தான். எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள், சிவாஜி சோகப் பாடல்கள், கண்ணதாசன் காதல் பாடல்கள் என்று கேசட் நிறுவனங்கள் வகுத்த பிரிவுகளே நம் காதுக்குள் வகைகளாக உறைந்துவிட்டன. அதனால் நன்மையும் உண்டு. படம் ஓடாமல் போய், நான்கு பாட்டில் ஒன்று மட்டும் தேறிய எத்தனையோ படங்களின் பாடல்கள் தொகுப்பு இல்லாவிட்டால் அழிந்தே போயிருக்கும். 2017-இல் சரிகம இசை நிறுவனம் கொண்டுவந்த, பாடல்களை உள்ளேயே ஏற்றிய கார்வான் பெட்டி, பின்னர் தமிழிலும் 5,000 பாடல்களோடு வந்தபோது, கைப்பேசியை இயக்கத் தெரியாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துணையானது என்பதைக் கடலூரில் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். தொகுப்பு என்றாலே முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தொகுப்பாளர் ஒரு பாடலை எடுக்கும்போது எதையெல்லாம் விட்டுவிட்டு எடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரியும்வரை இரட்டையராக இசையமைத்தவர்கள். அந்தக் காலத்துப் பாடல்களைத் தாங்கிய தொகுப்புகள் பலவற்றில் எம்.எஸ்.வி. என்ற ஒற்றைப் பெயரே அச்சாகியிருக்கிறது; தேர்ந்த வயலின் கலைஞரான டி.கே.ராமமூர்த்தியின் பெயர் காணாமல் போய்விடுகிறது. பழைய தட்டின் உறையிலோ நடு வட்டத்திலோ இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். இணையச் செயலிகள் இந்தத் தொகுப்புகளிலிருந்து தகவலை எடுத்துக்கொள்வதால் பிழை பல மடங்காகப் பெருகுகிறது. ரசிகர்கள் இதற்காகக் கோபப்படுவதை அற்ப விஷயத்துக்கான கோபம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரின் உழைப்பை வரலாற்றிலிருந்து துடைப்பது சிறிய தவறு அன்று. இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்த நம் கடற்கரை மக்களுக்கு இது இன்னும் கூடுதலாக உறுத்தும். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டே பாட்டைப் போட்ட அறிவிப்பாளர்களின் ஒழுங்கை அறிந்தவர்கள் நாம்.

சில சமயம் பாடலின் ஒரு பகுதியே போய்விடும். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'பஜ கோவிந்தம்' பதிவில் பாட்டுக்கு முன் ராஜாஜி ஆங்கிலத்தில் பேசிய சிறு முன்னுரை ஒன்று உண்டு. பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றில் அதைப் பாட்டில்லை என்று கருதி நீக்கிவிட்டால், பாடல் முழுதாக இருந்தும் பதிவு குறைப்பட்டதாகிவிடும். அதேபோல, கதை வசனத் தட்டுகள். 'திருவிளையாடல்' போன்ற படங்களின் வசனங்கள் தட்டாக வந்து கோயில் திருவிழாக்களில் தெரு முழுக்கக் கேட்டன. அவற்றைப் பாடல் தொகுப்புகள் சீண்டுவதே இல்லை. இ.பி. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடமே கொள்ளும் என்பதால் சுருக்கப்பட்ட பாடல்கள் உண்டு; படத்தில் உள்ள கூடுதல் சரணம் தட்டில் இல்லாமலோ, தட்டில் இருப்பது படத்தில் இல்லாமலோ போனதும் உண்டு. மறுவெளியீட்டில் எந்த வடிவம் வந்திருக்கிறது என்பதைப் பழைய தட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

ஆல்பமாகவே கருக்கொண்ட படைப்புகளுக்குத் தொகுப்பு பொருந்துவதே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக அமைந்த அந்தப் படைப்பில் ஒரு துண்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் வரிசைக்கே பொருள் உண்டு. அதிலிருந்து ஒன்றை உருவி 'மனதை மயக்கும் வாத்திய இசை' என்ற தலைப்பில் வேறு பத்துத் துண்டுகளோடு சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. படப் பாடல்களுக்கு இந்த வாதத்தை அப்படியே நீட்ட முடியாது; அவற்றின் வரிசையை விற்பனையும் தட்டின் கொள்ளளவும் தீர்மானித்த சந்தர்ப்பங்கள் அதிகம்.

இன்னொரு வகைத் தொகுப்பு உங்கள் பெட்டியில் நிச்சயம் இருக்கும். அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டுகளைச் சொல்கிறேன். ஒரு முழுத்தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிட நாடாவா 90 நிமிட நாடாவா என்று பேசி முடிவுசெய்வோம். பக்கம் தீரும் இடத்தில் பாட்டு வெட்டுப்படாமல் இருக்க வரிசையை மாற்றலாமா என்று கேட்டால் சிலர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அண்மையில் முத்தியால்பேட்டையிலிருந்தே ஒரு குடும்பத்தினர் அப்படியொரு நாடாவைக் கொண்டுவந்தார்கள். உள் அட்டையில் நீல மையில் வரிசை எண் போட்டு எழுதிய பட்டியல். ஏழாவது பாட்டுக்கு எதிரே 'இரண்டு முறை' என்று ஒரு குறிப்பு. நாடாவை ஓட்டிப் பார்த்தால் அந்தப் பாட்டு உண்மையிலேயே அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு பாடலும் இன்று எந்தச் செயலியிலும் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த வரிசையும் அந்த இரண்டு முறையும் வேறெங்கும் இல்லை. அந்த வீட்டாருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: விலைக்கு வந்த கேசட்டை விட்டுவிட நேர்ந்தாலும் கையால் எழுதிய அட்டையுள்ள கேசட்டை விட்டுவிடாதீர்கள்.

என் வார்த்தைக்கு எங்கெல்லாம் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தட்டின் நிலையை நேரில் பார்க்காமல், ஓட்டிக் கேட்காமல் உங்களிடம் உள்ள பிரதி புதியதைவிட மேலானதா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வயது ஏற ஏறக் காது மேல்வரிசை ஒலிகளை இழக்கும். என் காதும் அதற்கு விலக்கல்ல, ஆகவே ஜால்ராவின் பளபளப்பைப் பற்றிய என் கருத்தைவிட உங்கள் வீட்டு இளைஞர் ஒருவரின் காதை நம்புவது மேல். காப்புரிமை குறித்து மேலே சொன்னவை பொது விதிகள். எந்தப் பாடலின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அவற்றில் சில நீதிமன்றங்கள்வரை போயிருக்கின்றன. உங்கள் வீட்டுக்கென்று மாற்றிவைத்துக் கேட்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்ய நினைத்தால் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

இனி அந்த இரண்டு பெட்டிகள். வீட்டை இடிக்கும்முன் அவற்றைப் பிரித்துவிடுவது நல்லது, இடிபாட்டுத் தூசி பள்ளங்களில் இறங்கினால் எளிதில் போகாது. கையெழுத்து அட்டையுள்ள நாடாக்கள், குடும்பத்தாரின் குரல் பதிவானவை, கதை வசனத் தட்டுகள், நீங்கள் தேடியும் இணையத்தில் கிடைக்காத பாடல்கள் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். கணினிக்கு மாற்றும் செலவை இவற்றுக்குச் செய்வதே பொருத்தம். எல்லா இடத்திலும் கிடைக்கும் பாடல்களைக் கொண்ட, மிகவும் கீறல் விழுந்த தட்டுகளைக் கடைசிக்கு விடலாம். அவற்றைக் கொடுத்துவிடத் தீர்மானித்தால் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடைக்குப் போடாமல், உறையையும் நடு வட்டத்தையும் இருபுறமும் படமெடுத்து வைத்துக்கொண்டு, சேகரிப்பவர் ஒருவரிடம் கொடுங்கள். பெயர்ப் பிழைகளைத் திருத்த அந்தப் படங்கள் பிற்காலத்தில் உதவும்.

நம் கடலோரக் காற்று நாடாவுக்குப் பகை. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தது போல் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த கேசட்டை ஒருபோதும் டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பரவிவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையின்போதும் நனைந்த நாடாக்கள் இப்படித்தான் வந்தன. நிழலில் பொறுமையாக உலர்த்தி, சுருளை வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிய பிறகு அவற்றில் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. எல்.பி., இ.பி. தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் கொண்டு பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். கனமான, எளிதில் உடையும் 78 சுற்றுத் தட்டுகளின் மேல் மட்டும் ஸ்பிரிட்டோ, ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமோ படவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு, எல்.பி. ஊசியை வைத்து ஓட்டினால் இரைச்சலே மேலோங்கிக் கேட்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல் புத்தகம் போல் நிறுத்தி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து குறைந்தது ஓரடி உயரத்தில் வையுங்கள். மாற்றும்போது இரைச்சல் நீக்காத கோப்பு ஒன்றையும், கேட்பதற்காகச் சுத்தம் செய்த கோப்பு ஒன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கோப்பு கையில் இருந்தால், நாளை இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி தட்டைத் தேய்க்க வேண்டியிராது.